அப்பாவின் தாடையும் அன்னாவின் 16 வருஷமும்

சைக்காலஜின்னாலே சிக்மண்ட் ஃப்ராய்டு பேர்தான் முதல்ல வரும். கையில சுருட்டோட இருக்குற அந்த போட்டோவைப் பார்த்திருப்பீங்க. அந்தச் சுருட்டுப் பழக்கம் அவரை எங்கே கொண்டுபோய் விட்டது, கூடவே இருந்து பார்த்துக்கிட்டது யாருங்கிறதுதான் இந்தக் கதை.

1923 ஏப்ரல், வியன்னா. வாயில் ஒரு கட்டி. வீட்டில் மூச்சுவிடாமல் போய் ஆபரேஷன் பண்ணிக்கொண்டார் ஃப்ராய்டு. தகவல் வந்து மனைவி மார்த்தாவும் கடைசி மகள் அன்னாவும் ஓடிவந்தால், ஒரே ரத்தம். அன்று ராத்திரி வீட்டுக்குப் போக மறுத்து, அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார் அன்னா. அப்போது வயசு 27. எழுந்தது 1939-ல்தான்னுகூட சொல்லலாம்.

கட்டி, புற்றுநோய். அந்த வருஷமே வலது மேல்தாடையில் பெரும்பகுதியை எடுத்துவிட்டார்கள். வாய்க்கும் மூக்குக்கும் நடுவில் தடுப்பே இல்லை. சாப்பிட, பேச ஒரு பெரிய செயற்கைத் தாடையை மாட்டணும், கழற்றணும், கழுவணும். ஒருமுறை அரை மணி நேரம் போராடியும் மாட்ட முடியாமல் சர்ஜனையே கூப்பிட வேண்டியதாயிற்று. மொத்தம் 30-க்கும் மேல் ஆபரேஷன்கள்.

இதற்கெல்லாம் நர்ஸ், அன்னாதான். அதற்கு ஃப்ராய்டு ஒரு கண்டிஷன் போட்டார்: பரிதாபமோ கண்ணீரோ கூடாது, வேலையை வேலையாகச் செய்யணும். கேட்க கல்நெஞ்சமா தோணும். ஆனா, தினமும் புண்ணைக் கழுவுற கைக்கு அந்த ஒப்பந்தம் ஒரு பிடிமானம்தான். என்ன, அழுகை எங்கேயாவது போய்த்தானே ஆகணும்?

அம்மாவும் சித்தி மின்னாவும் அதே வீட்டில்தான் இருந்தார்கள். பொறுப்பு மட்டும் கல்யாணமாகாத கடைசிப் பொண்ணு தலையில். இது நமக்குப் புதுசா என்ன!

அன்னா தன் வேலையை மட்டும் விடவே இல்லை. குழந்தைகளின் மனசு பற்றி ஆராய்ந்தார், எழுதினார். 1936-ல் அப்பாவின் 80-வது பிறந்தநாளுக்குத் தன் புது புத்தகத்தையே பரிசாகக் கொடுத்தார். வாக்கிங்குக்குத் துணையாக வுல்ஃப் என்ற அல்சேஷன் நாய். கைக்குப் பின்னல் ஊசி. எல்லாத்துக்கும் மேல, டோரதி பர்லிங்ஹாம். நாலு குழந்தைகளோட வியன்னாவுக்கு வந்த அமெரிக்கத் தோழி. அப்பாவையும் மகளையும் தன் காரில் வெளியே கூட்டிப்போவார். 1930-களில் ரெண்டு தோழிகளும் சேர்ந்து கிராமத்தில் ஒரு பண்ணை வீடே வாங்கினார்கள், லீவு நாள்ல மூச்சு வாங்க. 'அப்பாவை விட்டுட்டு லீவா?'ன்னு கேட்க யாராவது இருந்திருப்பாங்க. அன்னா போனார்.

1938 மார்ச்சில் நாஜிகளின் ரகசியப் போலீஸ் அன்னாவை விசாரணைக்குக் கூட்டிப்போனது. சாயங்காலம் திரும்பி வந்தார். ஜூனில் குடும்பமே லண்டனுக்குக் கிளம்பியது.

1939 செப்டம்பரில் வலி எல்லை மீறியது. தேவையில்லாமல் அவஸ்தைப்பட விடமாட்டேன் என்று டாக்டர் மேக்ஸ் ஷூர் எப்போதோ வாக்குக் கொடுத்திருந்தார். ஃப்ராய்டு அதை நினைவுபடுத்தி, அன்னாவிடமும் பேசச் சொன்னார். அன்னா தள்ளிப்போடப் பார்த்தார். பிறகு சம்மதித்தார். டாக்டர் மார்ஃபின் கொடுத்தார். செப்டம்பர் 23-ல் ஃப்ராய்டு இறந்தார்.

அப்பா போன பிறகு கனவுகள் வந்தன. அன்னா அவற்றைக் குறித்துவைத்தார். அதிலிருந்து வளர்ந்த, இழப்பு பற்றிய கட்டுரையை அவர் வெளியிட்டது 1967-ல், 28 வருஷம் கழித்து.