கின்னஸ் ஆலையில் ஒரு ‘ஸ்டூடன்ட்’

கின்னஸ்னு சொன்னா நமக்கு உடனே ஞாபகம் வர்றது உலக சாதனைப் புத்தகம்தான். நீளமான நகம், பெரிய தோசை, அந்த வகையறா. ஆனா அந்தப் புத்தகத்துக்கே பேர் கொடுத்தது ஒரு பீர் ஆலை. அயர்லாந்தின் டப்ளின் நகரத்தில் 1759-ல் ஆர்தர் கின்னஸ் ஆரம்பித்தது. அந்த ஆலையில் வேலை பார்த்த ஒருத்தர் கண்டுபிடித்த சமாசாரத்தை நாம ப்ராபபிலிட்டி பேப்பரில் எழுதி மார்க் வாங்கிட்டு இருக்கோம். ‘ஸ்டூடன்ட்ஸ் டி-டெஸ்ட்’ என்பதுதான் அது. ஸ்டூடன்ட்ஸுக்காக வச்ச டெஸ்ட், அதான் அந்தப் பேர்னு நினைச்சுக்கிட்டே செமஸ்டரைத் தாண்டியவங்க நம்மில் நிறையப் பேர். இல்லை பாஸ். ஸ்டூடன்ட் என்பது ஒரு ஆளோட புனைபெயர். அவருடைய நிஜப் பெயர் வில்லியம் சீலி கோசெட்.

(டிஸ்கி: இது பீர் குடிக்கச் சொல்லும் கட்டுரை இல்லை. ஒவ்வொரு பேட்ச்சும் முந்தினதைவிட நல்லா வரணும்னு மண்டையை உடைத்துக்கொண்ட ஒரு மனுஷனின் கதை.)

ராணுவம் போச்சு, ரசாயனம் வந்தது

கோசெட் பிறந்தது 1876 ஜூன் 13, இங்கிலாந்தின் கேன்டர்பரியில். அப்பா ராயல் இன்ஜினியர்ஸ் படைப்பிரிவில் கர்னல். பையனுக்கும் அதே படையில் சேர ஆசை. கண் பார்வை சரியில்லாததால் அது நடக்கவில்லை. வின்செஸ்டர் பள்ளியில் படித்துவிட்டு ஆக்ஸ்ஃபோர்டின் நியூ காலேஜில் சேர்ந்தார். 1897-ல் கணிதத்தில் முதல் வகுப்பு, 1899-ல் வேதியியலில் முதல் வகுப்பு.

அந்த நேரத்தில் கின்னஸ் ஒரு வித்தியாசமான காரியம் செய்துகொண்டிருந்தது. உலகிலேயே பெரிய பீர் ஆலை என்ற இடத்துக்கு வந்துவிட்ட அந்தக் கம்பெனி, ஆக்ஸ்ஃபோர்டிலும் கேம்பிரிட்ஜிலும் சயின்ஸ் படித்துவிட்டு வருகிற இளைஞர்களைப் பிடித்து ‘ப்ரூவர்’ வேலையில் போட்டது. சின்ன ஆலை என்றால் பெரியவர் ஒருவர் மால்ட்டை வாயில் போட்டுக் கடித்துப் பார்த்து, ஹாப்ஸை உள்ளங்கையில் கசக்கி மோந்து பார்த்து, இது சரி, இது வேண்டாம்னு சொல்லிவிடலாம். கின்னஸ் அளவில் அது எடுபடாது. எல்லா பேட்ச்சும் ஒரே மாதிரி வரணும். 1899-ல், 23 வயசில், கோசெட் டப்ளினில் வேலைக்குச் சேர்ந்தார்.

நாலு ரீடிங் போதுமா?

பீரின் கச்சாப் பொருள் ரொம்பக் கொஞ்சம்தான்: தண்ணீர், பார்லியை முளைக்கவைத்துக் காயவைத்த மால்ட், கசப்பும் வாசனையும் கொடுத்துக் கெடாமலும் காக்கிற ஹாப்ஸ் பூ, அப்புறம் ஈஸ்ட். தண்ணீரை விட்டுவிடலாம். மற்ற மூன்றும் வயலுக்கு வயல், வருஷத்துக்கு வருஷம், சில சமயம் மூட்டைக்கு மூட்டை மாறும். போன வருஷம் அருமையாக வந்த ரெசிபி இந்த வருஷம் சொதப்பினால் அதற்குக் காரணம் ரெசிபியா, பார்லியா, இல்லை சும்மா தற்செயலா?

டெஸ்ட் பண்ணிப் பார்த்தால் தெரியும்தானே என்று கேட்கலாம். அங்கேதான் சிக்கல். ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் காசும் நேரமும் செலவாகும். ஒரு பார்லி ரகத்தை ஒரு வயலில் பயிர் செய்து பார்க்க ஒரு வருஷம் ஆகும். அதனால் கையில் இருப்பது நாலைந்து ரீடிங்தான். அன்றைக்கு இருந்த புள்ளியியல் சூத்திரங்களோ நூற்றுக்கணக்கில் டேட்டா இருக்கிறவர்களுக்காகப் போடப்பட்டவை. நாலு ரீடிங்கின் சராசரியை எவ்வளவு நம்பலாம் என்ற கேள்விக்கு அவற்றில் பதில் இல்லை.

1904-ல் கோசெட் கம்பெனிக்குள் சுற்றுக்கு விட ஒரு அறிக்கை எழுதினார். அதில் ஒரு உதாரணம் மால்ட்டைப் பற்றியது. குறிப்பிட்ட அளவு மால்ட்டிலிருந்து இறங்குகிற சர்க்கரைச் சத்து கின்னஸ் கணக்கில் சுமார் 133 டிகிரி இருக்கணும். உண்மையான அளவிலிருந்து அரை டிகிரிக்கு மேல் நம்ம சராசரி விலகாமல் இருக்க எத்தனை தடவை அளக்கணும்? 2 தடவை அளந்தால் சாதகம் 4-க்கு 1. 4 தடவை அளந்தால் 12-க்கு 1. 5 தடவை என்றால் 19-க்கு 1. இதை வைத்து, எவ்வளவு நிச்சயம் வேணும், அதற்கு எவ்வளவு செலவு செய்யலாம்னு முதலாளிகள் முடிவெடுக்கலாம். இந்தக் கோணத்தை அவர் கடைசி வரைக்கும் விடவில்லை. துல்லியத்துக்கும் ஒரு விலை இருக்கு என்பதுதான் அது.

ஈஸ்ட் விஷயத்திலும் இதே கதை. ஈஸ்ட் குறைந்தால் நொதித்தல் பாதியில் நிற்கும், கூடினால் ருசி கெடும். ஈஸ்ட் கலந்த திரவத்தில் ஒரு துளியை எடுத்து, கட்டம் போட்ட கண்ணாடியில் வைத்து, மைக்ரோஸ்கோப்பில் எண்ண வேண்டும். 400 கட்டம். எவ்வளவு கவனமாக எண்ணினாலும் கட்டத்துக்குக் கட்டம் எண்ணிக்கை மாறும். அந்த மாற்றம் எந்த விதிப்படி வருகிறது என்று 1907-ல் அவர் எழுதியதுதான் முதல் ஆய்வுக் கட்டுரை. நாம பாய்சான் டிஸ்ட்ரிபியூஷன்னு படிக்கிறோமே, அவர் தானாகவே வந்து சேர்ந்த இடம் அதுதான்.

பேர் போடக் கூடாது

1905-ல் கோசெட் கார்ல் பியர்சனைச் சந்தித்தார். அன்றைய புள்ளியியலில் பியர்சன்தான் பெரிய தலை. 1906-ல் கம்பெனியே கோசெட்டை லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பியர்சனின் ஆய்வகத்துக்கு அனுப்பி வைத்தது. பியர்சனிடம் டேட்டா குவிந்து கிடந்தது. அதனால் நாலு ரீடிங் பிரச்சினை அவருக்கு ஒரு பிரச்சினையாகவே படவில்லை. கோசெட் தனியாகத்தான் அதை உருட்டினார்.

1908-ல் சராசரியின் பிழை பற்றிய அந்தப் புகழ்பெற்ற கட்டுரை ‘பயோமெட்ரிகா’ இதழில் வந்தது. கணக்கில் ஒரு இடத்தில் முழு நிரூபணம் கிடைக்கவில்லை. அதனால் ஒரு வேலை செய்தார். 3000 குற்றவாளிகளின் உயரமும் இடது நடுவிரல் நீளமும் கொண்ட ஒரு பழைய பட்டியல் இருந்தது. அதை அட்டைத் துண்டுகளில் எழுதி, நன்றாகக் கலைத்து, நாலு நாலாகப் பிரித்து 750 சாம்பிள் எடுத்தார். ஒவ்வொன்றுக்கும் கணக்குப் போட்டுத் தன் சூத்திரத்தோடு ஒப்பிட்டார். பொருந்தி வந்தது. இன்றைக்கு நாம பைத்தானில் நாலு வரியில் செய்கிற சிமுலேஷன்தான் இது. அவர் கையால் செய்தார். அதே கட்டுரையில் 10 நோயாளிகளின் தூக்க நேரத்தையும் உதாரணமாக எடுத்துக்கொண்டார். ஆர் மொழி தெரிந்தவர்கள் ‘ஸ்லீப்’ என்று டைப் செய்து பாருங்கள், அந்த டேட்டா இன்னும் அங்கே இருக்கு.

கட்டுரையில் கோசெட் என்ற பெயர் மட்டும் இல்லை. தொழில் ரகசியம் வெளியே போய்விடும் என்ற பயம் கின்னஸுக்கு. பிரசுரிக்கலாம், ஆனால் கம்பெனி பெயரும் வரக் கூடாது, எழுதியவர் பெயரும் வரக் கூடாது என்று நிபந்தனை. சின்ன சாம்பிளை வைத்து முடிவெடுக்கத் தெரிவது எவ்வளவு பெரிய லாபம் என்று போட்டி ஆலைகளுக்குத் தெரிந்துவிடக் கூடாது. அதனால் ‘ஸ்டூடன்ட்’. ஒரு ரிசர்ச் பேப்பரில் பேர் விட்டுப்போனாலே நமக்குத் தூக்கம் வராது. அவர் சுமார் 30 வருஷம் அந்தப் பேரிலேயே எழுதினார்.

கேம்பிரிட்ஜிலிருந்து ஒரு கடிதம்

கட்டுரை வந்தும் பல வருஷம் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1912-ல் கேம்பிரிட்ஜிலிருந்து ஒரு இளைஞர் கடிதம் போட்டார். கோசெட்டுக்குக் கிடைக்காத நிரூபணம் அதில் இருந்தது, பல பரிமாண ஜியோமெட்ரி மூலமாக. கோசெட்டுக்கு அது பிடிபடவில்லை. அதை மறைக்காமல், பார்த்துச் சொல்லுங்கள் என்று பியர்சனுக்கு அனுப்பினார். அந்த இளைஞர்தான் ரொனால்ட் ஃபிஷர். கோசெட் தன் அளவையை இசட் என்று வைத்திருந்தார். பின்னால் அதை டி என்று மாற்றி, ‘டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம்’ என்ற கருத்தோடு இணைத்து, 1925-ல் தன் புத்தகம் வழியாக உலகம் முழுக்கக் கொண்டுபோனவர் ஃபிஷர். என்-னுக்குப் பதில் என் மைனஸ் 1 எதற்கு என்று திட்டுகிறவர்கள் அவரைத் திட்டலாம்.

பியர்சனுக்கும் ஃபிஷருக்கும் ஜென்மப் பகை. கோசெட் இரண்டு பேருக்கும் நண்பராகவே இருந்தார். அதற்காக எல்லாவற்றுக்கும் தலையாட்டினார் என்று அர்த்தம் இல்லை. பார்லி வயலில் எந்த ரகத்தை எந்தப் பாத்தியில் போடுவது என்பதைச் சீட்டுப் போட்டுத்தான் தீர்மானிக்கணும் என்றார் ஃபிஷர். மண்ணின் வளம் வயலின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் படிப்படியாக மாறும், அதைக் கணக்கில் எடுத்து ரகங்களைப் பக்கத்துப் பக்கத்தில் சமமாக அமைத்தால் பிழை குறையும் என்றார் கோசெட். இந்தச் சண்டை அவர் சாகும் வரை தீரவில்லை.

வயலைப் பற்றி அவர் எழுதிய ஒரு சம்பவம் இன்னும் முக்கியம். அயர்லாந்தில் ‘ஸ்ப்ராட்-ஆர்ச்சர்’ என்ற புதிய பார்லி ரகம் சக்கைப்போடு போட்டது. ஒரு மாவட்டத்து விவசாயிகள் மட்டும் எங்கள் நாட்டு ரகம்தான் ஒசத்தி என்று அடம்பிடித்தார்கள். அவர்களுக்குப் புரியவைக்க, விவசாயத் துறை இரண்டையும் அந்த ஊரிலேயே பயிர் செய்து ஒப்பிட்டது. ஜெயித்தது நாட்டு ரகம்! அந்த மண்ணில் களை அதிகம். நாட்டு ரகம் வேகமாக வளர்ந்து களையை அமுக்கிவிட்டது. மற்ற இடத்துச் சராசரியை இங்கே கொண்டுவந்து ஒட்டக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

1935-ல் லண்டன் பார்க் ராயலில் கின்னஸ் புது ஆலை கட்டியபோது கோசெட் அங்கே போனார். டப்ளினில் வருகிற அதே பீர், வேறு தண்ணீரில், வேறு ஊரில் வரணும். வாழ்நாள் முழுக்கப் போட்ட கணக்குக்கு அதுதான் ஃபைனல் எக்ஸாம். தலைமை ப்ரூவர் பதவிக்கு வந்த கொஞ்ச நாளிலேயே, 1937 அக்டோபர் 16 அன்று, மாரடைப்பில் காலமானார். வயது 61.

அடுத்த பேட்ச்

இன்றைக்கு அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வீட்டிலேயே 20 லிட்டர் அளவில் பீர் காய்ச்சிப் பார்க்கிறவர்கள் ஏராளம். போன தடவையைவிட ஹாப்ஸ் கொஞ்சம் தாமதமாகப் போட்டேன், வாசனை பிரமாதம் என்று நோட்டில் எழுதி வைப்பார்கள். ஆனால் அது ஒரே ஒரு பேட்ச். மாற்றத்தால் வந்த வாசனையா, நம்ம ஆசையால் வந்த வாசனையா? விவரம் தெரிந்தவர்கள் ஒரே கரைசலை இரண்டாகப் பிரித்து, ஒன்றில் மட்டும் மாற்றம் செய்வார்கள். பிறகு மூன்று டம்ளர்: இரண்டில் ஒன்று, மூன்றாவதில் மற்றது. வித்தியாசமானது எது என்று கண்டுபிடிக்கச் சொல்வார்கள். குருட்டாம்போக்கில் அடித்தாலே மூன்றில் ஒரு பங்கு பேர் சரியாகச் சொல்லிவிடுவார்கள். அதைவிடத் தெளிவாக அதிகம் பேர் சொன்னால்தான் ரெசிபி மாறியதாக அர்த்தம்.

நம்ம ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டும் கிட்டத்தட்ட இதே நிலைதான். கான்க்ரீட் க்யூப் மூணு, பேட்டரி டெஸ்ட் நாலு, அதற்கு மேல் காசும் இல்லை, டைமும் இல்லை. பழைய கலவையைவிடப் புதுசு 5 சதவீதம் வலுவாக இருக்கு என்று ரிப்போர்ட்டில் எழுதுவதற்கு முன்னால் டேட்டா புக்கில் அந்த டி டேபிளைத் திறந்து பாருங்கள். கோசெட் அதைப் போட்டது நம்மள மாதிரி கையில் நாலு ரீடிங் மட்டும் வைத்திருக்கிறவர்களுக்காகத்தான். டேபிள் ஓகே சொன்னாலும் அவர் கேட்கிற அடுத்த கேள்வி ஒன்று பாக்கி இருக்கும்: அந்த 5 சதவீதம், ஆகிற செலவுக்குத் தகுமா?