விண்மீன்களின் எல்லை கண்ட சந்திரசேகர்

வானத்து விண்மீன்கள் என்றும் ஒரே நிலையில் நிற்பவை அல்ல. அவையும் தோன்றுகின்றன; நெடுங்காலம் ஒளிர்கின்றன; உள்ளிருக்கும் எரிபொருள் தீர்ந்ததும் அடங்குகின்றன. அடங்கிய பின் அவற்றின் கதி யாது? இவ்வினாவிற்கு விடை தேடி உலகப் புகழ் பெற்றவர் தமிழராகிய சுப்பிரமணியன் சந்திரசேகர்.

அவர் 1910-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 19-ஆம் நாள் இலாகூரில் பிறந்தார். தந்தையார் சுப்பிரமணிய ஐயர் இருப்புப்பாதைக் கணக்குத் துறையில் உயர் அலுவலர். இயற்பியலறிஞர் சர் சி. வி. இராமன் அவருக்குச் சிற்றப்பா. தாயார் சீதாலட்சுமி கல்வியில் பேரார்வம் உடையவர். நார்வே நாட்டு நாடக ஆசிரியர் இப்சனின் நாடகம் ஒன்றைத் தமிழில் மொழிபெயர்த்தவர். சந்திரசேகர் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும், பின்னர்ச் சென்னை மாநிலக் கல்லூரியிலும் பயின்றார்.

1930-ஆம் ஆண்டில் இங்கிலாந்து சென்று பயில உதவித்தொகை கிடைத்தது. அப்போது தாயார் கடும் நோயுற்றிருந்தார். மகனின் மனம் தடுமாறியது. எனினும், நோய்ப்படுக்கையில் இருந்த தாயே அவரைச் செல்லுமாறு வற்புறுத்தினார். அந்த ஆண்டு சூலைத் திங்களின் இறுதியில் கப்பல் புறப்பட்டது. மறு ஆண்டு தாயார் காலமானார். மகன் அவரை மீண்டும் காணவே இல்லை.

அக்கப்பலில்தான் பத்தொன்பது வயது இளைஞரின் கணக்கு உருவாயிற்று. எரிபொருள் தீர்ந்த விண்மீன் தன் ஈர்ப்பினால் தானே சுருங்கும். நெருங்கிய எலக்ட்ரான்களின் எதிரழுத்தம் அச்சுருக்கத்தைத் தடுத்து, அதனை வெண்குறுமீனாக நிறுத்தும். எல்லா விண்மீன்களின் முடிவும் இதுவே என அறிஞர் நம்பினர். சந்திரசேகரோ, அந்த எலக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தை நெருங்குவதைக் கருதிச் சார்பியல் கொள்கையையும் கணக்கில் சேர்த்தார். அந்நிலையில் எதிரழுத்தம் ஓர் அளவிற்கு மேல் ஈர்ப்பைத் தாங்காது என்று கண்டார். சூரியனைப்போல் ஏறக்குறைய 1.4 மடங்குப் பொருண்மையே அவ்வெல்லை. அதனை மிஞ்சிய வெண்குறுமீன் நிலைத்திருக்க இயலாது.

1935-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 11-ஆம் நாள் இலண்டன் வானியல் கழகத்தில் அவர் இம்முடிவை எடுத்துரைத்தார். உடனே எழுந்த ஆர்தர் எடிங்டன் அதனைப் பொருந்தாக் கூற்று என எள்ளினார்; அவையும் நகைத்தது. எடிங்டன் அக்காலத்தில் வானியலின் பேரரசர் போன்றவர். அவர் இளைஞருடன் அடிக்கடி உரையாடி, அக்கணக்குகளைத் தொடர்ந்து கவனித்து வந்தவரும் ஆவார். மறுக்கப்போவதை முன்னரே சொல்லாததுதான் நமக்கு வியப்பளிக்கிறது. இளைஞரின் பக்கமே நியாயம் உண்டெனக் கருதிய பெரும் இயற்பியலறிஞர்கள் சிலர், வெளிப்படையாகப் பேச முன்வரவில்லை. சந்திரசேகர் பூசலில் காலம் கழிக்கவில்லை. விண்மீன்களின் அமைப்பைப் பற்றிப் பெருநூல் ஒன்று எழுதி முடித்து, வேறு துறைக்குச் சென்றார். எடிங்டனிடம் கொண்ட மதிப்பையும் அவர் கைவிடவில்லை.

1936-இல் லலிதாவை மணந்து, 1937-இல் அமெரிக்கா சென்று சிகாகோப் பல்கலைக்கழகத்தில் அமர்ந்தார். 1943-இல் அவர் வெளியிட்ட மற்றொரு கணக்கு இங்குக் கருதத்தக்கது. விண்மீன் கூட்டத்தினூடே செல்லும் பேரெடைப் பொருளை, சூழ்ந்த விண்மீன்களின் ஈர்ப்பு பின்னிழுத்து மெல்ல மெல்ல வேகம் குறைக்கிறது; அப்பொருள் மையத்தை நோக்கி அமிழ்கிறது. இரு விண்மீன் மண்டலங்கள் கலக்கும்போது, அவற்றின் நடுவிலுள்ள மாபெருங் கருந்துளைகள் ஒன்றையொன்று நெருங்குவதற்கு இதுவே காரணம் என்பது இன்றைய விளக்கம். கருந்துளைகள் இவ்வாறு இணைந்தும், சுற்றிலும் சுழன்று வரும் வாயுவை விழுங்கியும் பெருக்கின்றன. 2019-இல் நிழலுருவப் படம் வெளியிடப்பட்ட எம் 87 மண்டலத்துக் கருந்துளை, சூரியனைப்போல் ஏறத்தாழ 650 கோடி மடங்குப் பொருண்மை உடையது.

முதுமையில் அவர் கருந்துளைகளின் கணிதத்திற்கே திரும்பி, 1983-இல் அதைப்பற்றிய நூலை வெளியிட்டார். அவ்வாண்டே நோபல் பரிசு வில்லியம் பௌலருக்கும் அவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. கப்பலில் போட்ட கணக்கிற்கும் அப்பரிசிற்கும் இடையே ஐம்பத்து மூன்று ஆண்டுகள் கடந்திருந்தன! 1995-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 21-ஆம் நாள் அவர் சிகாகோவில் மறைந்தார். 1999-இல் விண்ணில் ஏவப்பட்ட ஊடுகதிர்த் தொலைநோக்கிக்குச் சந்திரா என்று அவர் பெயரே சூட்டப்பட்டது.

கருந்துளையினுள் வீழ்ந்த ஒளி மீளாது. ஆயினும், வீழுமுன் வாயு கொதித்து, அங்குப் புரோட்டான்கள் பெருவேகம் பெறுகின்றன. அவை ஒளித்துகள்களோடும் பிற அணுக்கருக்களோடும் மோதும்போது உயர் ஆற்றல் நியூட்ரினோக்கள் பிறக்கின்றன. இராசபாளையத்திற்கு மேற்கே அய்யனார் கோவிலை அடுத்து நிற்கும் மலையைக் காணுங்கள். வானிலிருந்து வரும் பிற துகள்களை அம்மலைப் பாறை தடுத்துவிடும். நியூட்ரினோவோ பெரும்பாலும் தடையின்றிக் கடந்துவிடும். ஆதலால்தான் அவற்றைத் தேடுவோர் நிலத்தின் அடியாழத்தை நாடுகின்றனர். 1965-இல் கோலார்த் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில், காற்று மண்டலத்தில் பிறந்த நியூட்ரினோக்கள் கண்டறியப்பட்டன. தென்முனைப் பனியினுள் ஒரு கன கிலோமீட்டர் பருமனில் அமைந்த ஐஸ்கியூப் கருவி, 2017-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 22-ஆம் நாள் ஓர் உயர் ஆற்றல் நியூட்ரினோவைப் பதிவு செய்தது. அது வந்த திசையில் மாபெருங் கருந்துளையுடைய மண்டலம் ஒன்று ஒளிர்ந்துகொண்டிருந்தது. என்ஜிசி 1068 என்னும் மண்டலத்திலிருந்தும் நியூட்ரினோக்கள் வருவதற்குச் சான்று கிடைத்ததாக 2022-இல் அறிவிக்கப்பட்டது. அம்மண்டலத்தின் கருந்துளையைத் தடித்த தூசும் வாயுவும் மறைத்துள்ளன. நியூட்ரினோக்கள் அத்திரையைக் கடந்து வந்தவை.