சேலத்துக் கொல்லர் அருணாசலம்

உழவர் உலகைக் காப்பவர் எனின், அவ்வுழவரின் ஏருக்குக் கொழு வடித்துத் தரும் கொல்லர் உழவரையே காப்பவர் ஆவர். கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசற் காட்டில் வாழ்வார் இவ்வுண்மையை நன்கு அறிவர். அந்நிலம் வானம் பார்த்த நிலம். மழை பெய்து மண் பதமாக இருக்கும் சில நாட்களுக்குள் உழுது விதைத்துவிடல் வேண்டும். ஆதலின், மாடு கட்டி உழுத காலத்தில், மழைக்காலம் பிறக்கும் முன்னரே உழவர்கள் ஊர்க் கொல்லரின் உலைக்களத்தில் வந்து கூடுவர். தேய்ந்த கொழு கூர்மை பெறும். மழுங்கிய அரிவாள் வாய் பெறும். துருத்தியின் மூச்சும் சம்மட்டியின் ஓசையும் மழையை எதிர்கொண்டு அழைப்பனபோல ஊரெங்கும் கேட்கும். உழுபொறிகள் பெருகிவிட்ட இந்நாளிலும் அவ்வோசை முற்றும் அடங்கிவிடவில்லை.

இத்துணைப் பயன்பட்ட கொல்லரின் பெயரை அவர் செய்த கருவியில் நாம் காண்பதில்லை. பெயர் பெற்ற அரிவாள் ஒன்று உண்டு; அதனைத் திருப்பாச்சி அரிவாள் என ஊரின் பெயரால் அழைக்கிறோமேயன்றி, வடித்தவர் பெயரால் அழைப்பதில்லை. கோவில்பட்டிக்கு அணித்தாக உள்ள கழுகுமலையில், 8ஆம் நூற்றாண்டில் மலைப்பாறையைக் குடைந்து செதுக்கிய வெட்டுவான் கோயில் இருக்கிறது. கண்டார் வியக்கும் அக்கோயிலைச் செதுக்கிய சிற்பியரும் தம் பெயரைப் பொறித்து வைத்தாரல்லர். தொழிலை விட்டுச் சென்று பெயரை மறைத்துக்கொள்வதே நம் நாட்டுக் கைவினைஞர் பலரின் இயல்பாக இருந்தது.

இவ்வியல்புக்கு மாறாக, தாம் வடித்த அலகுகளின்மீது தம் பெயரையும் தம் ஊரின் பெயரையும் பொறித்து, அப்பெயர் கடல் கடந்தும் விளங்கச் செய்த தமிழ்க் கொல்லர் ஒருவர் உண்டு. அவரே சேலத்து அருணாசலம். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வாழ்ந்த அவர், வேட்டைக் கத்திகளும் குத்துவாள்களும் பன்றி வேட்டைக்குரிய வேல்முனைகளும் செய்வதில் புகழ் பெற்று விளங்கினார்.

அருணாசலனாரின் பெருமையை உணர்வதற்கு அவர் ஊரின் பெருமையை முதலில் அறிதல் வேண்டும். சேலம் இரும்பு விளையும் நாடு. அந்நகருக்கு மேற்கே உள்ள கஞ்சமலையிலும், அம்மாவட்டத்தைச் சார்ந்த பிற மலைகளிலும் காந்தத் தன்மையுடைய இரும்புத் தாது மிகுதியாகக் கிடைக்கின்றது. மலையிலிருந்து மழைநீர் அடித்துக்கொண்டு வரும் கருமணலைத் திரட்டி, அதனைக் கழுவி, மண்ணால் அமைத்த சிறிய உலையில் கரியோடு இட்டு, ஆட்டுத்தோல் துருத்தியால் ஊதி, மக்கள் தொன்றுதொட்டு இரும்பு எடுத்து வந்தனர்.

அவ்விரும்பினின்று எஃகு ஆக்கும் முறை இன்னும் வியப்புக்கு உரியது. சிறு சிறு துண்டுகளாக வெட்டிய இரும்பை மண்ணாற் செய்த மூசையில் இடுவர். அதனோடு உலர்ந்த ஆவாரங்குச்சிகளைச் சேர்ப்பர். மேலே எருக்கிலை ஒன்றிரண்டை வைத்து, மூசையின் வாயைக் களிமண்ணால் அடைப்பர். இவ்வாறு அமைத்த மூசைகள் இருபதுக்கு மேற்பட்டவற்றை உலையில் அடுக்கி, ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் விடாது ஊதுவர். குச்சியிலும் இலையிலும் உள்ள கரிப்பொருள் இரும்பினுள் புகுந்து அதனை எஃகாக மாற்றிவிடும். சேலத்தில் கும்பெனியாரின் வாணிக அலுவல் பார்த்த ஹீத் என்னும் ஆங்கிலேயர் இம்முறையை ஆராய்ந்து உலகிற்கு எழுதி அறிவித்தார். கரிசற் காட்டு வழியோரங்களில் நாம் நாள்தோறும் கண்டு கடந்து செல்லும் ஆவாரையும் எருக்குமே உலகம் போற்றிய எஃகை ஆக்கத் துணை செய்தன என்பது எண்ணி மகிழத்தக்கது.

தென்னாட்டு எஃகு பண்டைக் காலத்திலேயே மேல்நாடுகளுக்குச் சென்றது. புகழ் வாய்ந்த தமாஸ்கஸ் வாள்கள் இத்தகைய எஃகால் ஆனவை. 1795ஆம் ஆண்டில் பியர்சன் என்னும் அறிஞர் இதனை ஆராய்ந்து, இலண்டன் அரசவைக் கழகத்தில் கட்டுரை படித்தார். பின்னர், கத்தி செய்வதில் வல்லவரான ஸ்டோடர்ட் என்பாரும் மைக்கேல் பாரடேயும் 1820ஆம் ஆண்டை ஒட்டி இவ்வெஃகின் இயல்பைக் காணப் பல ஆய்வுகளைச் செய்தனர். மின்னியலின் தந்தையருள் ஒருவராகப் போற்றப்படும் அப்பாரடே ஒரு கொல்லரின் மைந்தர் என்பது இங்கு நினைவிற் கொள்ளத்தக்கது. தமிழ்நாட்டுக் கொல்லர் வழிவழியாகக் கைப்பழக்கத்தால் அறிந்திருந்ததன் காரணத்தை அறிய, ஆங்கில நாட்டுக் கொல்லரின் மைந்தர் உலை மூட்டி ஆராய்ந்தார்.

இத்தகைய மரபு தழைத்த ஊரிலேதான் அருணாசலனார் தொழில் செய்தார். ஆயினும், அவர் காலம் கொல்லர்க்குச் சோதனைக் காலமாக இருந்தது. அதற்கு முன்னர், வாளும் வேலும் வடிக்கும் கொல்லரை அரசரும் பாளையக்காரரும் ஆதரித்து வந்தனர். 1792ஆம் ஆண்டு சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் சேலம் கும்பெனியார் ஆட்சிக்கு உட்பட்டது. தெற்கே, 1799ஆம் ஆண்டில் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டான். 1801ஆம் ஆண்டில் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை தரைமட்டம் ஆக்கப்பட்டது. பாளையங்களில் உள்ளார் படைக்கலம் தாங்குதல் கூடாது என்று கும்பெனியார் ஆணை பிறப்பித்தனர். கோட்டைகள் வீழ்ந்தன, கோட்டைகளுக்குப் படைக்கலம் வடித்த உலைகளும் ஆதரவு இழந்தன. கரிசற் சீமையின் கொல்லர்க்கு உழவுக் கருவிகளே வாழ்வாயின.

ஆதரித்தவர் மறைந்தபோது கலையும் மறைவது உலக இயற்கை. அருணாசலனார் தம் கலையை மறையவிட்டாரல்லர். காலம் மாறியது கண்டு, கலைக்குப் புதிய பயன் ஒன்றைத் தேடினார். அந்நாளில் படைத்தலைவரும் அரசாங்க அலுவலரும் ஆகிய ஆங்கிலேயர் பலர் மலைக்காடுகளில் வேட்டையாடுவதைப் பெருவிருப்பாகக் கொண்டிருந்தனர். அவர்களுக்கு வேண்டிய கத்திகளையும் வேல்முனைகளையும் அவர் செய்து தந்தார். அவற்றின் வடிவம் பெரும்பாலும் மேல்நாட்டு வேட்டைக் கத்திகளின் வடிவமே. செய்த கைத்திறனோ சேலத்து உலைக்களத்தின் கைத்திறன். இன்று எஞ்சியுள்ள அவர் கத்திகளைக் காண்பார், அவற்றிடையே உள்ள வேறுபாட்டைக் கண்டு வியப்பர். ஒன்று அகன்ற அலகுடையது. ஒன்று இருபுறமும் கூரிய குத்துவாள். சிலவற்றின் பிடி மான்கொம்பால் ஆயது. சிலவற்றின் பிடி யானைத் தந்தத்தால் ஆயது. அச்சில் வார்த்தனபோல ஒரே வகையாக அவை இருப்பதில்லை. கையாற் செய்யும் தொழிலின் சிறப்பு இதுவேயாம்.

நல்ல கத்தியைச் செய்தல் எளிய செயல் அன்று. காய்ச்சிய எஃகைப் பட்டடையின்மீது வைத்து, அடிக்க வேண்டிய இடத்தில் அடிக்க வேண்டிய அளவே அடித்தல் வேண்டும். சூடு குறைந்தபின் அடித்தால் அலகினுள் விரிசல் தோன்றும். சூடு மிகுந்துவிட்டால் எஃகின் உரம் கெடும். வடிவம் அமைந்தபின், செக்கச் சிவக்கக் காய்ச்சி நீரிலேனும் எண்ணெயிலேனும் தோய்ப்பர். அப்போது எஃகு மிக்க கடினம் அடையும். ஆனால், கண்ணாடி போல ஒடியும் இயல்பையும் உடன் பெறும். ஆதலின், அதனை மீண்டும் இளஞ்சூட்டில் வாட்டுதல் வேண்டும். ஏறக்குறைய 230 பாகைச் சூட்டில் அலகின்மேல் வைக்கோல் நிறம் படரும். 300 பாகையை அணுகும்போது நீலநிறம் தோன்றும். வெப்பமானி இல்லாத உலைக்களத்தில் கொல்லரின் கண்ணே வெப்பமானி. நிறம் மாறும் அந்த நொடியில் கண் தவறினால் பல நாள் உழைப்பு வீணாகும். கடினம் மிகின் ஒடியும். நெகிழ்ச்சி மிகின் வளையும். இரண்டும் அளவோடு பொருந்திய அலகே நல்ல அலகு.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று சிலர் வினவலாம். காட்டுப்பன்றி வெகுண்டு பாய்ந்து வரும்போது, வேட்டையாடுபவனுக்கும் அதன் கோரைப் பல்லுக்கும் இடையே நிற்பது கையில் உள்ள வேல்முனை ஒன்றே. அம்முனை வளைந்தால் அவன் உயிர் போகும். அடிபட்ட கரடி நெருங்கிப் பற்றும்போது துப்பாக்கி பயன்படாது, இடைக்கத்தியே துணை. அவ்வேளையில் அலகு ஒடிந்தால் செய்தவனைத் தேடிச் சென்று குறை கூறவும் அவன் இரான். ஆகவே, கத்தியை வாங்குபவன் இரும்பையும் கொம்பையும் மட்டும் வாங்குவதில்லை. செய்தவரின் நேர்மையையும் சேர்த்தே வாங்குகின்றான். பூசி மறைத்த விரிசல் ஒன்று விற்கும்போது எவர் கண்ணுக்கும் தெரியாது. அதனை அறிந்தவர் கொல்லர் ஒருவரே.

இதனை உணரும்போதுதான் அருணாசலனார் தம் பெயரைப் பொறித்ததன் பொருள் விளங்கும். ஆங்கிலேயர் நாவில் அருணாசலம் என்னும் பெயர் அர்னசெல்லம் எனத் திரிந்தது. அத்திரிந்த வடிவிலேயே, ஆங்கில எழுத்தில், சேலம் என்னும் ஊர்ப்பெயரோடு அலகில் அது பொறிக்கப்பட்டது. அது வெறும் அணி அன்று, ஓர் உறுதிமொழி. இவ்வலகில் குறை நேரின் அதற்கு நானே பொறுப்பு என்று ஒரு கைவினைஞர் எஃகின்மேல் எழுதிக் கொடுத்த சீட்டு அது. குறையுடைய கத்தி ஒன்று போதும், பல ஆண்டுகளாகத் தேடிய பெயர் கெடுவதற்கு. அந்த அச்சத்தை நாள்தோறும் ஏற்றுக்கொண்டு அவர் தொழில் செய்தார். வடக்கே அவுரங்காபாத்தில் வேல்முனைகள் செய்து புகழ் பெற்ற போத்ராஜ் என்னும் கைவினைஞரைப் போலவே, தெற்கே அருணாசலனாரின் பெயரும் வேட்டையாடுவாரிடையே நற்சான்றாக வழங்கிற்று.

காலம் மேலும் மாறியது. ஹீத் 1830ஆம் ஆண்டில் பரங்கிப்பேட்டையில் பெரிய இரும்பாலை ஒன்றை நிறுவிச் சேலத்துத் தாதுவை அங்குக் கொண்டு சென்றார். அவ்வாலை பல இடர்ப்பாடுகளுக்கு உட்பட்டு, 1860களில் நின்றுபோயிற்று. 1856ஆம் ஆண்டில் பெசமர் கண்டறிந்த முறையால் இங்கிலாந்தில் எஃகு மலிவாகவும் ஏராளமாகவும் ஆக்கப்பட்டது. அது கப்பலேறி நம் சந்தைகளிலும் வந்து குவிந்தது. காடுகள் அரசின் காவலுக்கு உட்படவே, உலைக்கு வேண்டிய கரியும் அரிதாயிற்று. 1878ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம், படைக்கலம் செய்யவும் வைத்திருக்கவும் அரசின் உரிமச் சீட்டு வேண்டும் என்றது. ஆனால், ஐரோப்பியர்க்கு அக்கட்டுப்பாட்டினின்று விலக்கு அளித்தது. இவற்றால் நாட்டு உலைகள் ஒவ்வொன்றாக அவிந்தன. கஞ்சமலையின் அடிவாரத்தில் இன்று எழுந்து நிற்பது, 1970ஆம் ஆண்டில் அடிக்கல் நாட்டப்பெற்ற சேலம் உருக்காலையாகும். துருப்பிடியா எஃகுத் தகடுகளை அது ஆக்கி வருகின்றது. உலையின் வடிவம் மாறினும் சேலத்திற்கும் எஃகிற்கும் உள்ள உறவு அறுந்துவிடவில்லை.

அருணாசலனாரின் கத்திகள் எதற்காகச் செய்யப்பட்டனவோ அவ்வேட்டையும் இன்று இல்லை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காட்டுயிர்களைக் காத்து நிற்கின்றது, அஃது அறமே. பயன் ஒழிந்தும் அக்கத்திகளின் மதிப்பு ஒழியவில்லை. பழம்பொருள் திரட்டுவோர் அவற்றைத் தேடி வாங்கிப் போற்றுகின்றனர். அவற்றை வாங்கி இடையில் செருகிய துரைமார் பலரின் பெயர் மறந்துபோயிற்று. அவர்களுக்காக உலைமுன் வியர்வை சிந்திய கொல்லரின் பெயரோ எழுத்து அழியாமல் நிற்கின்றது.

மாணவர்களே! நீவிர் எத்தொழிலை மேற்கொள்ளினும், அதில் உம் பெயரைப் பொறிக்க அஞ்சாத அளவுக்குத் திருந்தச் செய்ய வேண்டும். பெயர் பொறிக்கும் வாய்ப்பு எல்லார்க்கும் கிட்டுவதில்லை. கரிசற் காட்டில் கொழு வடித்த கொல்லர்க்கு அது கிட்டவில்லை. வெட்டுவான் கோயிலைச் செதுக்கிய சிற்பியர்க்கும் கிட்டவில்லை. ஆயினும், பெயர் பொறித்தாற் போன்ற பொறுப்புடனேயே அவர்களும் தொழில் செய்தனர். அடுத்த முறை ஊர்க் கொல்லர் ஒருவர் தீட்டித் தந்த அரிவாளைக் கையில் எடுக்கும்போது, எழுதப்படாத ஒரு பெயர் அதில் இருப்பதை எண்ணிப் பார்ப்பீராக. சேலத்து அருணாசலத்தின் வாழ்க்கை நமக்கு அறிவுறுத்துவது இதுவேயாம்.