எமன் வேஷத்தை விட்டவர்

2019-ல் நடிகர் சங்கத் தேர்தல் நியூஸ் பார்த்தவங்களுக்கு, பாண்டவர் அணியை எதிர்த்து நின்ன அணியோட பேர் ஞாபகம் இருக்கும். சுவாமி சங்கரதாஸ் அணி. யாருப்பா அந்த சங்கரதாஸ்னு கேட்டா நம்ம டிராமா கிளப்லயே பாதி பேர் முழிப்பாங்க. தமிழ் பேசும் படம் வர்றதுக்கு 9 வருஷம் முன்னாடியே இறந்து போனவர் அவர். ஆனா இன்னைக்கும் நாடகக்காரங்க அவரைத் தலைமை ஆசிரியர்னுதான் சொல்றாங்க. அந்தப் பட்டம் எப்படி வந்ததுன்னு பார்த்தா, கதை கொஞ்சம் விசித்திரமா இருக்கு.

1867 செப்டம்பர் 7-ஆம் தேதி, தூத்துக்குடி பக்கத்தில் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தார். அப்பா தாமோதரன் தமிழ் படித்தவர், ராமாயணத்தில் ஊறியவர். மகனுக்கு முதல் வாத்தியாரும் அவர்தான். பிறகு பழநி தண்டபாணி சுவாமிகளிடம் போய் இலக்கணமும் செய்யுளும் படித்தார். கூடப் படித்தவர் உடுமலை முத்துசாமிக் கவிராயர். படித்து முடித்தவருக்குக் கிடைத்த வேலை என்ன தெரியுமா? உப்பளத்தில் கணக்குப் பிள்ளை. (படிச்சதுக்கும் பார்க்கிற வேலைக்கும் சம்பந்தம் இல்லாம போறது நம்ம காலத்து பிரச்சனைன்னு யாரும் நினைக்க வேண்டாம்.) 24 வயசில் அந்த வேலையை உதறிவிட்டு நாடகத்துக்குப் போனார்.

அந்தக் காலத்து நாடகத்தைக் கொஞ்சம் கற்பனை பண்ணிப் பாருங்க. மைக் கிடையாது. ராத்திரி ஆரம்பிச்சு விடியற வரைக்கும் நடக்கும். கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறவருக்கும் நடிகரோட தொண்டை மட்டும்தான் ஸ்பீக்கர். சங்கரதாஸுக்கு அந்தத் தொண்டை இருந்தது. இரணியன், ராவணன், எமன், சனீஸ்வரன் எல்லாமே அவர் எடுத்துக் கட்டின வேஷம். பயமுறுத்துறதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை.

அதுதான் வினையாப் போச்சு. நளதமயந்தி நாடகத்தில் சனீஸ்வரனாக நடித்து முடித்து, விடியற்காலை வேஷத்தைக் கலைக்கத் தண்ணீர் இருக்கும் இடத்துக்குப் போயிருக்கிறார். அந்த இருட்டில் அவரைப் பார்த்த ஒரு பெண் அலறி விழுந்து இறந்தே போனார் என்று சொல்லுவார்கள். இன்னொரு தடவை எமனாகப் பாசக்கயிறோடு மேடைக்குள் பாய்ந்து வந்ததைப் பார்த்து, கூட்டத்தில் இருந்த ஒரு கர்ப்பிணிக்குக் கரு கலைந்ததாம். இவருடைய மாணவர்கள் வழியாக வந்த கதைகள் இவை, சொல்லச் சொல்ல ஒன்றிரண்டு கூடியிருக்கலாம். ஆனால் அவர் வேஷம் கட்டுவதையே விட்டுவிட்டார். பேர் உச்சத்தில் இருக்கும்போது, அந்தப் பேருக்குக் காரணமான திறமையைப் பார்த்தே பயந்து ஒதுங்கின நடிகர் வேற யாரையும் எனக்குத் தெரியவில்லை.

நாடகத்தை விட்டுத் தீர்த்த யாத்திரை கிளம்பினார். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. பேரோடு சுவாமிகள் ஒட்டிக்கொண்டது அப்படித்தான். புதுக்கோட்டையில் கஞ்சிரா மேதை மான்பூண்டியா பிள்ளை இவரை மகன் மாதிரி வைத்துக்கொண்டார். அங்கே கிடைத்த தாள ஞானம்தான் பிறகு இவர் பாட்டுகளில் எல்லாம் தெரியும். பிள்ளைதான் அவரைத் திரும்பவும் நாடகப் பக்கம் தள்ளினார். இந்தத் தடவை வேஷம் இல்லை, வாத்தியார் வேலை.

இங்கே ஒரு சிக்கல். பேர் வாங்கின பெரிய நடிகர்களுக்குப் பாடம் சொல்லித் தருவது லேசு இல்லை. நேரத்துக்கு வர மாட்டாங்க. சிலர் குடிச்சிட்டு வருவாங்க. எழுதிக் கொடுத்ததை விட்டுட்டு மேடையில் சொந்தச் சரக்கை அவிழ்த்து விடுவாங்க. எதிரில் நிற்பவரை மட்டம் தட்டுவதற்காகத் தர்க்கத்தை மணிக்கணக்கில் இழுப்பாங்க, கதை அப்படியே நிற்கும். இதற்கு மருந்தாக வந்ததுதான் பாய்ஸ் கம்பெனி. சின்னப் பையன்களை எடுத்து, ஒரே வீட்டில் தங்க வைத்து, சோறு போட்டு, பாட்டும் வசனமும் தாளமும் முதலிலிருந்து சொல்லித் தருவது. 1910-ல் சமரச சன்மார்க்க நாடக சபையைத் தானே தொடங்கினார். பிறகு பெரிய பேர் எடுத்த எஸ்.ஜி. கிட்டப்பா அங்கே பயின்றவர்தான். 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை. அதில் ஸ்திரீபார்ட் நடிகர் கண்ணுசாமிப் பிள்ளை தன் பிள்ளைகளோடு வந்து சேர்ந்தார். அதில் ஒருவனுக்கு வயசு 6. பேர் சண்முகம். பிற்காலத்து அவ்வை டி.கே. சண்முகம்.

அந்த 6 வயசுப் பையனுக்கு முதலில் கொடுத்தது நாரதர் வேஷம். அதைவிடப் பெரிய விஷயம் அடுத்து நடந்தது. சண்முகம் அபிமன்யுவாக நடிக்கணும்னு சுவாமிகள் ஒரு முழு நாடகத்தையே எழுதினார், அபிமன்யு சுந்தரி. ஒரே ராத்திரி. விளக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தவர், 4 மணி நேரம் ஓடக்கூடிய நாடகத்தைப் பாட்டோடு, வசனத்தோடு, அடித்தல் திருத்தல் இல்லாமல் முடித்துவிட்டார் என்று சண்முகமே பிறகு எழுதியிருக்கிறார். நம்ம எல்லாரும் சப்மிஷனுக்கு முந்தின ராத்திரி உட்கார்ந்து எழுதுறவங்கதான், ஆனா அது வேற. எனக்கு இதில் பிடித்தது வேகம் இல்லை. எதிரில் நிற்கும் பையனோட குரல் எந்த உயரத்துக்குப் போகும், மூச்சு எவ்வளவு நேரம் தாங்கும்னு தெரிந்தவர், அந்த அளவுக்குச் சட்டை தைக்கிற மாதிரி பாட்டு எழுதியிருக்கிறார்.

சரி, இதோட மறுபக்கத்தையும் சொல்லணும். 6, 7 வயசுப் பிள்ளைங்க அம்மாவை விட்டு ஊர் ஊராகப் போய், ராத்திரி முழுக்க முழிச்சு நடிச்சாங்க. பாய்ஸ் கம்பெனிகளில் அடியும் இருந்தது, அரைகுறைத் தூக்கமும் இருந்தது. குரல் உடைகிற வயசு வந்தால் மகரக்கட்டு என்பார்கள். நேற்று வரைக்கும் ராஜபார்ட் பாடின பையன் அதோடு ஓரமாகப் போய்விடுவான், திரும்பவும் குரல் தேறினால் உண்டு. இன்றைக்கு யாராவது இப்படி ஒரு கம்பெனி நடத்தினால் நாமே புகார் கொடுப்போம், கொடுக்கவும் வேண்டும். வீட்டில் சோறு இல்லாத பையனுக்கு அங்கே மூன்று வேளை சாப்பாடு கிடைத்தது என்பதும் உண்மை, அதனால் அவன் வேறு எதுவும் ஆகும் வழி அடைந்தது என்பதும் உண்மை. இந்த இரண்டில் எது பெரிசுன்னு எனக்குத் தீர்ப்பு சொல்லத் தெரியவில்லை. எம்.ஜி.ஆரும் சிவாஜியும் பாய்ஸ் கம்பெனிகளில் வளர்ந்தவங்கதான். ஆனா அந்த ரெண்டு பேரை மட்டும் காட்டி, பேர் தெரியாமல் போன நூற்றுக்கணக்கான பையன்களை மறைச்சிடக் கூடாது.

சுவாமிகள் எழுதிய நாடகங்கள் 40-க்குக் குறையாது. வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, கோவலன் எல்லாம் இவருடையது. இதில் நம்ம டிபார்ட்மென்ட் ஆட்களுக்குப் பிடிக்கும் விஷயம் ஒன்று இருக்கு. மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் திருவிழாவில் ஸ்பெஷல் நாடகம் போடுவாங்களே, அதில் முருகன் ஒரு ஊரிலிருந்து வருவார், வள்ளி இன்னொரு ஊரிலிருந்து, ஆர்மோனியக்காரர் வேறொரு ஊரிலிருந்து. ரிகர்சல் கிடையாது. முதல் முறை சந்தித்த அன்று ராத்திரியே விடிய விடிய நடிப்பாங்க. எப்படி முடியுது? எல்லாரும் சுவாமிகள் பாடத்தைப் படித்தவர்கள். வேற வேற மெஷின்கள் ஒரே ப்ரோட்டோகாலில் பேசிக்கொள்வது மாதிரி. கட்டுப்பாடு இல்லாத நடிகர்களைப் பார்த்து வெறுத்துப் போய்ப் பிள்ளைகளிடம் வந்தவரோட எழுத்து, கடைசியில் எந்த முதலாளிக்கும் கட்டுப்படாத அந்த ஸ்பெஷல் நாடக நடிகர்களுக்கே சோறு போடுது.

கடைசிக் காலம் கொடுமையானது. பக்கவாதம் வந்து கை கால் விழுந்தது, பேச்சும் போனது. வாயால் சொல்லிக் கொடுத்தே வாழ்ந்த மனுஷனுக்கு வாயே போய்விட்டது. அந்த நிலையிலும் சபையை விட்டு வீட்டுக்குப் போகவில்லை, போக வீடு என்று ஒன்றும் இல்லை. பையன்களோடேயே ஊர் ஊராகப் போனார். 1922 நவம்பர் 13-ஆம் தேதி, சபை புதுச்சேரியில் இருந்தபோது இறந்தார். வயசு 55. கருவடிக்குப்பத்தில் அவர் சமாதி இருக்கிறது.

அப்போது சண்முகத்துக்கு வயசு 10. மூன்று வருஷம் கழித்து, 1925-ல், அண்ணன் தம்பிகள் நாலு பேரும் சேர்ந்து சொந்தமாக ஒரு சபை தொடங்கினார்கள். அதுவும் பால சபைதான்.