முகில் தீட்டிய ஒளிப்படக் கலைஞர்

நுழையும்முன்

கைப்பேசியில் எடுத்த படத்தில் வானம் வெளுத்திருந்தால் விரலால் தொட்டு அதற்கு நிறமூட்டிவிடுகிறோம். குறுக்கே போகும் மின்கம்பியை நீக்குகிறோம். இருண்ட மூலையை வெளிச்சமாக்குகிறோம். இந்தப் பழக்கம் கணினி வந்தபின் தோன்றியதன்று. மாட்டுவண்டிகளில் கருவிகளை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகச் சென்ற ஒருவர், 1858ஆம் ஆண்டிலேயே தாம் எடுத்த தமிழகப் படங்களின் வானத்தில் தூரிகையால் முகில் தீட்டினார். அவருடைய வாழ்வை அறிவோம்.

படைவீரரும் ஒளிப்படமும்

லின்னேயஸ் டிரைப் 1822ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் இங்கிலாந்தின் தென்மேற்கில் உள்ள டெவன்போர்ட் என்னும் துறைமுக நகரில் பிறந்தார். பன்னிரண்டு பிள்ளைகள் கொண்ட பெரிய குடும்பத்தில் அவர் ஒன்பதாமவர். பதினாறு, பதினேழு வயதில் கிழக்கிந்தியக் கும்பெனியின் படையில் சேர்ந்து, சென்னைப் படையின் 12ஆம் காலாட்படைப் பிரிவில் பணியாற்றினார். ஏறத்தாழ முப்பது வயதுவரை அவர் கும்பெனியின் எத்தனையோ படை அலுவலர்களுள் ஒருவராகவே இருந்தார்.

நீண்ட விடுப்பில் தாயகம் சென்றபோதுதான் அவருடைய வாழ்வு திசைமாறியது. 1839இல் பிரான்சில் ஒளிப்படக்கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. 1841இல் டால்பட் என்னும் ஆங்கிலேயர், ஒரே பதிவிலிருந்து பல படிகள் எடுக்கத்தக்க தாள்முறைக்கு உரிமம் பெற்றார். 1851இல் பிரெஞ்சுக் கலைஞர் கஸ்டாவ் லெ கிரே அத்தாளுக்கு மெழுகூட்டும் முறையைக் கண்டறிந்தார். புதிய கலையில் ஆர்வங்கொண்ட படித்தவர்கள் இலண்டனில் ஒளிப்படக் கழகம் ஒன்றைத் தொடங்கினர். 1853இல் டிரைப்பும் அதில் உறுப்பினரானார். மறு ஆண்டு பெங்களூருக்குத் திரும்பியபோது ஒளிப்படக் கருவியையும் உடன் கொண்டுவந்தார். அவ்வாண்டின் இறுதியில் மைசூர்ப் பகுதியின் பேலூர், ஹளபேடு முதலிய இடங்களுக்குச் சென்று ஒய்சளர் காலக் கோயில்களைப் படமெடுத்தார். 1855இல் சென்னையில் நடைபெற்ற கண்காட்சியில் அப்படங்கள் இடம்பெற்றுப் பரிசும் பெற்றன.

தாளும் மெழுகும் வெயிலும்

அவருடைய அருமையை உணர அன்றைய தொழில்முறையைச் சற்று விரிவாகவே அறிந்துகொள்ள வேண்டும். அக்காலத்தில் கண்ணாடித் தகட்டில் படமெடுக்கும் முறையும் இருந்தது. அதில் நுட்பமான விவரங்கள் தெளிவாகப் பதியும். ஆனால் தகட்டில் பூசிய கரைசல் உலர்வதற்குள் படமெடுத்து, உடனே இருட்டறையில் கழுவியாக வேண்டும். வெயில் காயும் நாட்டில், வண்டிப்பாதையில், அது எளிதன்று. மெழுகூட்டிய தாளையோ சில நாள்களுக்கு முன்பே ஆயத்தம் செய்து வைத்துக்கொள்ளலாம். படமெடுத்தபின் உடனே கழுவ வேண்டிய கட்டாயமும் இல்லை. பயணிக்கு உகந்தது தாளே. டிரைப் பெரும்பாலும் அதையே கையாண்டார்.

வெள்ளி உப்பு ஏற்றிய தாளைக் கருவிக்குள் பொருத்தி, நிமிடக்கணக்கில் ஒளி படவிட வேண்டும். வெளியே எடுத்த தாளில் கண்ணுக்குத் தெரியும் உருவம் இராது. வேதிக்கரைசலில் இட்டபின்தான் உருவம் மெல்ல எழும். அதிலும் வெண்மை கருமையாகவும் கருமை வெண்மையாகவும் மாறியிருக்கும். நெகட்டிவ் என்று நாம் வழங்கும் எதிர்ப்படி இதுவே. இதன்மேல் வேறொரு தாளை வைத்துச் சூரிய ஒளியில் காட்டினால் நேர்ப்படம் கிடைக்கும்.

விருத்தாசலத்துப் பீங்கான் தொழிற்கூடங்களைப் பார்த்த மாணவர்களுக்கு இந்தக் காத்திருப்பு புதிதன்று. களிமண் கூழை அச்சில் வார்த்து, உலர்த்தி, மேற்பூச்சிட்டுச் சூளையில் அடுக்குகிறார்கள். பூசும்போது உள்ள நிறம் வேறு. வெந்து வரும் நிறம் வேறு. சூளையைத் திறக்கும்வரை எப்பொருள் தேறியது, எது வெடித்தது என்பதைச் செய்தவரும் சொல்ல இயலாது. டிரைப்பின் ஒவ்வொரு தாளும் அப்படிப்பட்ட ஒரு சூளை எனலாம். ஒரு வேறுபாடு உண்டு. ஒரு தாள் கெட்டது தெரியவரும்போது அவருடைய வண்டிகள் அந்த ஊரைக் கடந்து போயிருக்கவும் கூடும்.

ஆவா அரசவைக்கு

1855ஆம் ஆண்டின் பிற்பகுதியில், தலைமை ஆளுநர் டல்ஹௌசி பர்மிய மன்னர் மிண்டோனிடம் ஒரு தூதுக்குழுவை அனுப்பினார். இரண்டாம் பர்மியப் போரில் கும்பெனி கைப்பற்றிய பகுதியை மன்னர் உடன்படிக்கை வழியாக ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது அதன் நோக்கம். ஆர்தர் பேயர் தலைமை ஏற்ற அக்குழுவில் ஓர் ஓவியரும் இருந்தார். ஒளிப்படக் கலைஞராக டிரைப் சென்றார். மன்னர் உடன்படிக்கைக்கு இசையவில்லை. தூது பயனின்றி முடிந்தது. மழையும் நோயும் டிரைப்பின் வேலைநாள்களைக் குறைத்தன. எனினும் இருநூறுக்கு மேற்பட்ட எதிர்ப்படிகளுடன் அவர் திரும்பினார். அவற்றுள் 120ஐத் தேர்ந்து ஐம்பது தொகுதிகளாக அச்சிட்டார். கணக்கிட்டால் ஆறாயிரம் படங்கள். ஒவ்வொன்றும் வெயிலில் காட்டிக் கையால் உருவாக்கப்பட்டது.

அவர் படமெடுத்த தலைநகர் அமரபுரத்தை மன்னர் சில ஆண்டுகளிலேயே நீங்கி மாண்டலேக்குக் குடிபெயர்ந்தார். அமரபுரம் தலைநகராக விளங்கிய நாள்களின் தோற்றத்தை இன்று அப்படங்களில்தான் காண்கிறோம்.

தமிழகப் பயணம்

1856இல் டிரைப் சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞராக அமர்த்தப்பட்டார். மாகாணத்தின் பழம்பொருள்களையும் கட்டடங்களையும் அவை அழிவதற்குள் பதிவுசெய்வது அவர் பணி. 1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து புறப்பட்டு, இராயக்கோட்டை, சேலம், திருச்சிராப்பள்ளி, திருவரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர், திருவையாறு ஆகிய ஊர்களில் படமெடுத்துவிட்டு, 1858 ஏப்ரல் இறுதியில் சென்னையை அடைந்தார். வட இந்தியாவில் பெரும்புரட்சி நடந்துகொண்டிருந்த மாதங்கள் அவை. ஆட்சி ஆட்டங்கண்ட வேளையில் அவ்வாட்சி தன் உடைமைகளைப் படமெடுத்துப் பட்டியலிட்டது. இப்படங்களின் அழகில் ஆழும்போது இதனையும் நாம் மறக்கலாகாது.

மதுரையில் அவர் நெடுநேரம் செலவிட்டிருக்க வேண்டும். அவ்வூர்ப் படங்கள் மட்டும் நான்கு பகுதிகளாக வெளிவந்தன. வைகையைக் கடக்கும் தரைப்பாலம், மீனாட்சியம்மன் கோயில், புதுமண்டபம், தெப்பக்குளம் ஆகியவை அவற்றில் உள்ளன. ஆட்சியர் பிளாக்பர்னின் நினைவாக எழுப்பிய விளக்குத்தூணும் இருக்கிறது. அவர் காலத்தில்தான் மதுரைக் கோட்டைமதில் இடிக்கப்பட்டு நகரம் வெளியே விரிந்தது. டிரைப் வந்தபோது அம்மாற்றம் நிகழ்ந்து நெடுங்காலம் ஆகியிருக்கவில்லை. ஆகவே அவர் பதிவுசெய்தது பழைய மதுரை மட்டுமன்று, மாறிக்கொண்டிருந்த மதுரையும்கூட. திருமலை நாயக்கர் அரண்மனை அவர் படங்களில் சிதைந்து நிற்கிறது. 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு அதனைப் புதுப்பிக்கச் செய்தார். இன்று நாம் காணும் அரண்மனையில் எது பழையது, எது புதுப்பித்தது என ஆராய்வோர்க்கு 1858ஆம் ஆண்டுப் படங்கள் இன்றியமையாச் சான்று.

இப்படங்களைப் பார்க்கும் மாணவர் ஒன்றைக் கண்டு வியப்புறலாம். மக்கள் நெருங்கி வாழ்ந்த ஊர்கள் ஆளரவமற்றுத் தோன்றுகின்றன. அவ்வூர்கள் வெறிச்சோடிக் கிடந்தன என்பது பொருளன்று. நிமிடக்கணக்கில் ஒளி படவேண்டிய தாளில், அசையாத கல்லும் தூணும் பதிந்தன. நடந்து சென்றவர்கள் சுவடின்றி மறைந்தனர். கருவியின் இயலாமையை ஊரின் வெறுமையாகக் கொள்ளக்கூடாது.

வானத்தில் ஒரு தூரிகை

அக்காலத் தாளுக்கு மற்றொரு குறையும் இருந்தது. நீல ஒளியை அது மிகுதியாக ஏற்கும். பச்சையையும் சிவப்பையும் குறைவாகவே உணரும். கோபுரத்துக்கு ஏற்ற அளவு ஒளியை விட்டால் வானம் அளவு கடந்து பதிந்துவிடும். அச்சில் வானம் வெறும் வெள்ளையாகும். காற்றில் அசைந்த மரத்தின் இலைகள் கலங்கித் தெரியும். இதற்குக் கலைஞர்கள் பல வழிகளைத் தேடினர். லெ கிரே கடலுக்கு ஓர் எதிர்ப்படியும் வானத்துக்கு வேறோர் எதிர்ப்படியும் எடுத்து இரண்டையும் ஒரே படமாக்கினார்.

டிரைப் கையாண்டது தூரிகை. எதிர்ப்படியின் பின்புறத்தில் வண்ணத்தை மெல்லப் பூசினார். வண்ணம் பட்ட இடத்தில் ஒளி ஊடுருவாது. ஆகவே அச்சில் அவ்விடம் வெண்மையாகும். இவ்வாறு வெறும் வானத்தில் முகிற்கூட்டங்கள் தோன்றின. இலைகளுக்கு விளிம்பு கிடைத்தது, நீர்ப்பரப்பு தெளிந்தது. பின்னர் படங்களுக்குப் பொன் உப்புக் கரைசலால் நிறமூட்டினார். அவை நெடுங்காலம் மங்காதிருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆவணம் உருவாக்க அமர்த்தப்பட்டவர் இல்லாத முகிலைத் தீட்டலாமா? இக்கேள்வி எளிதில் தீர்வதன்று. முகில் உண்மையில் இருந்தது. தாள்தான் அதைக் காணவில்லை என்று அவர் சார்பில் வாதிடலாம். ஆயினும் அன்றைய முகில் அதே வடிவில் இருந்ததா என்றால் விடை இல்லை. என் கருத்தில், தூரிகை எங்கே சென்றது என்பதே முதன்மையானது. அவர் முகில் தீட்டியதால் எந்தக் கோபுரமும் உயரம் கூடவில்லை. இடிந்த சுவர் எழவில்லை.

தஞ்சையில் அவர் செய்த பணியை இங்கே நோக்க வேண்டும். கடைசி மராத்திய மன்னர் சிவாஜி 1855இல் மறைந்தபின் கும்பெனி அவ்வரசைத் தன்னுடன் சேர்த்துக்கொண்டிருந்தது. டிரைப் அந்நகரின் கோட்டைப் பெரும்பீரங்கியையும் பெரியகோயிலையும் படமெடுத்தார். பெரியகோயில் விமானத்தின் அடிப்பகுதியைச் சுற்றி ஓடும் கல்வெட்டை வரிசையாகப் படமெடுத்து, 21 படங்களை விளிம்போடு விளிம்பு பொருத்தி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே சுருளாக்கினார். ஒவ்வொரு முறையும் கருவி ஒரே தொலைவில் நிற்க வேண்டும். ஒளியும் ஒத்திருக்க வேண்டும். இங்கே வானம் இல்லை, முகிலுக்கும் இடமில்லை. எழுத்தில் ஒரு கீற்று மாறினாலும் செய்தி மாறிவிடும். ஹுல்ஷ் என்னும் கல்வெட்டறிஞர் தஞ்சைக் கல்வெட்டுகளைப் படித்துத் தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியாக வெளியிடத் தொடங்கியது 1891இல். இராசராசனின் எழுத்துகள் அச்சேறுவதற்கு முப்பது ஆண்டுகளுக்கும் முன்பே அவற்றின் உருவம் ஒளிப்படத்தாளில் ஏறிவிட்டது.

விருத்தாசலம் அவருடைய தொகுதிகளில் இடம்பெறவில்லை. மணிமுத்தாற்றங்கரையில் விருத்தகிரீசுவரர் கோயில் 1858இல் எவ்வாறு தோன்றியது என்பதை அவர் கண்வழியே அறியும் வாய்ப்பு நமக்கில்லை. இன்று அக்கோபுரத்தைக் கைப்பேசியில் எடுக்கும் மாணவர், திருத்தாத மூலப்படம் ஒன்றையும் சேமித்து வைத்துக்கொள்வது நன்று.

பணி நின்றது

சென்னை திரும்பியபின் டிரைப், அமராவதியிலிருந்து வால்டர் எலியட் கொண்டுவந்து அருங்காட்சியகத்தில் சேர்த்திருந்த பௌத்தச் சிற்பங்களைப் படமெடுத்தார். அச்சிற்பங்களுள் பல பின்னர் இலண்டனுக்கு அனுப்பப்பட்டன. பயணத்தில் எடுத்த படங்களும் ஊர்வாரியான தொகுதிகளாக வெளிவந்தன. இவ்வளவு வேலையும் ஒருவர் கையால் நடந்ததன்று. அவரிடம் உதவியாளராக இருந்த ஐயாசாமி என்னும் தமிழர் பின்னர் தாமே ஒளிப்படக் கலைஞராக விளங்கினார். அவரைப் பற்றி நம் நூல்கள் இன்னும் விரிவாக எழுதியிருக்கலாம்.

1859இல் சென்னை ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெல்யன் செலவுகளைக் குறைப்பதில் முனைந்தார். புரட்சிக்குப்பின் கருவூலம் நலிந்திருந்தது. அரசு ஒளிப்படப் பணி அவர் கண்ணுக்கு ஆடம்பரமாகப் பட்டது, நிறுத்த ஆணையிட்டார். 1860இல் அலுவலகம் மூடப்பட்டது. அப்போது டிரைப்புக்கு அகவை முப்பத்தெட்டு.

அதன்பின் அவர் ஒளிப்படக் கருவியைத் தொட்டது மிக அரிது. படைப்பணியில் தொடர்ந்து, உயர்பதவிகள் பெற்று ஓய்வடைந்து, பிறந்த ஊருக்கே திரும்பினார். 1902ஆம் ஆண்டு மார்ச்சு 2ஆம் நாள் டெவன்போர்ட்டில் காலமானார். 2014, 2015ஆம் ஆண்டுகளில் வாஷிங்டன், நியூயார்க், இலண்டன் ஆகிய நகரங்களின் பெரும் அருங்காட்சியகங்கள் அவர் படங்களைக் காட்சிக்கு வைத்தன. அவர் வரைந்த மெழுகுத்தாள் எதிர்ப்படிகள் பல இன்றும் இங்கிலாந்தில் பாதுகாக்கப்படுகின்றன. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் வண்ணம் பூசிய முகில்கள் கருந்திட்டுகளாகத் தெரியும்.