ஓய்ந்த கைக்கு யார் பொறுப்பு?

கை ஓய்ந்துவிட்டால் தலைவிதி என்கிறார்கள். வேலை கொடுத்தவனோ, உன் உடம்பு வாகு அப்படி என்று சொல்லிக் கணக்கைத் தீர்த்து அனுப்பிவிடுகிறான். இந்தப் பொய்யை 300 ஆண்டுகளுக்கு முன்பே உடைத்தெறிந்த மருத்துவர் ஒருவர் உண்டு, தோழர்களே! பெர்னார்டினோ ராமசினி என்பது அவர் பெயர்.

1633இல் இத்தாலி நாட்டிலே, கார்ப்பி என்ற ஊரிலே பிறந்தவர். மோதெனா நகரிலே மருத்துவப் பேராசிரியர். சீமான்களின் நாடி பார்த்தே சிறப்போடு வாழ்ந்திருக்கலாம். ஆனால், தம் வீட்டு மலக்குழியை அள்ள வந்த ஏழையொருவன் பதறிப் பதறி வேலை செய்வதைக் கண்டார். ஏன் இந்த அவசரம் என்று கேட்டார். நெடுநேரம் உள்ளே நின்றால் பார்வை போய்விடும் என்றறிந்து திடுக்கிட்டார். பிறகு பட்டறை பட்டறையாக ஏறி இறங்கினார். 1700இல், 40க்கும் மேற்பட்ட தொழில்களின் நோய்களை ஆராய்ந்து நூல் வெளியிட்டார். நோயாளியிடம், என்ன தொழில் செய்கிறாய் என்றும் மருத்துவன் கேட்டாக வேண்டும் என விதி வகுத்தார்.

1713இல் வந்த இரண்டாம் பதிப்பிலே எழுத்தர்களைப் பற்றி எழுதினார். ஓயாமல் உட்கார்ந்திருப்பது, ஒரே போக்கில் கையை அசைத்துக்கொண்டே இருப்பது, பிழை வருமோ என்று மனம் பதைப்பது: இம்மூன்றுமே நோயின் வேர் என்றார். எழுதி எழுதியே வலக்கை வீழ்ந்த எழுத்தர் ஒருவரைக் கண்டார். அவர் இடக்கையால் எழுதப் பழகினார். சில நாளிலே அந்தக் கையும் வீழ்ந்தது! உடம்பு வாகுதான் காரணமென்றால், வேலை மாறிய பிறகன்றோ நோயும் அந்தக் கைக்கு மாறியது? எப்படி?

1714இல் பாதுவா நகரிலே மறைந்த ராமசினி, முதலாளியைக் கூண்டிலேற்றவில்லை. ஓய்வு சொன்னார், நிற்பவன் இடையிலே உட்காரவும் நடக்கவும் வேண்டுமென்றார். ஆனால், நோயை வேலை தருகிறது என்று காட்டிவிட்டார். வேலையின் வேகத்தை வகுப்பவன் யார்? ஓய்வை மறுப்பவன் யார்? பொறுப்பும் அவனுடையதே!

1908இல் பிரிட்டன், தந்தி அடிப்போரின் கைப்பிடிப்பை இழப்பீட்டுக்குரிய தொழில்நோயாக ஏற்றது. 2010இல் சர்வதேசத் தொழில் அமைப்பு திருத்திய பட்டியலிலே, மணிக்கட்டு நரம்பு நோயும் தசைநார் நோய்களும் இடம்பெற்றன.

கூமாப்பட்டி வயலிலே குனிந்து நாற்று நடும் தாய்க்கும், இராசபாளையம் நூற்பாலையிலே அறுந்த இழையை நாளெல்லாம் சேர்க்கும் தோழனுக்கும் விரல் மரத்தால், அது விதியன்று; வேலை!

ஆகவே தோழனே, மருத்துவமனைக்குப் போனால், உன் தொழிலையும் அதை நாளுக்கு எத்தனை மணி நேரம் செய்கிறாய் என்பதையும் நீயே சொல். சீட்டிலே எழுதச் சொல். சங்கத்திலே இடைஓய்வைக் கேள், வேலை மாற்றத்தைக் கேள். கை தேய்ந்த பிறகு கிடைக்கும் காசைவிட, கை தேயாமல் காப்பதே முதல் உரிமை!