மீனுக்கு வழி கேட்ட டாக்டர்

ஸ்ரீரங்கத்துக்கு மேற்கே முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே 1836-ல் ஆர்தர் காட்டன் தடுப்பணை கட்டினார். வயல்கள் செழித்தன. மீன்கள் என்ன ஆயின?

அதை ஆராய்ந்தவர் பிரான்சிஸ் டே. 1829-ல் இங்கிலாந்தில் பிறந்து, 1852-ல் சென்னை மாகாணத்துக்கு மருத்துவராக வந்தார். நோயாளிகளைப் பார்த்த நேரம் போக, மீன்களையே பார்த்துக்கொண்டிருந்தார்!

அவர் ஊர் ஓடைகளில் டிரவுட் என்ற மீன் உண்டு. தூண்டில் முள்ளில் இறகைக் கட்டி, ஈ போலச் செய்து நீர்மேல் வீசுவார்கள். நிஜ ஈ என்று ஏமாந்து மீன் கவ்வும். நீலகிரியின் குளிர்ந்த ஓடைகளிலும் இந்த மீனை வளர்க்க டே ஆசைப்பட்டார். 1860-களில் முயன்றார். சூயஸ் கால்வாய் திறக்காத காலம், பயணமோ நீண்டது. டிரவுட் முட்டைக்குக் குளிர்ச்சி வேண்டும். முயற்சி தோற்றது. அவலாஞ்சியில் டிரவுட் குஞ்சு பொரிப்பகம் அமைந்தது 1907-ல்தான்.

நம் கொள்ளிடத்திலும் அன்று ஒரு பயணி உண்டு: உல்லம் மீன். முட்டையிடக் கடலிலிருந்து ஆற்றில் ஏறி வந்தது. அணை குறுக்கே நின்றால்? 1867-ல் இந்தக் கவலையை எழுப்பியவர் அணை கட்டிய காட்டனேதான்! எனக்கு மிகவும் பிடித்த செய்தி இது. டே ஆராய்ந்து, அணைகளில் மீன் ஏற வழி விடவேண்டும் என்றார்.

1875 முதல் 1878 வரை, 1400-க்கும் மேற்பட்ட இந்திய மீன்களைப் படங்களுடன் விவரிக்கும் நூலை வெளியிட்டார். 1889-ல் காலமானார். வெடிவைத்தும் நஞ்சு கலந்தும் மீன் பிடிப்பதைத் தடுக்கும் சட்டம் 1897-ல் வந்தது.